சட்டம் எழுதிய கௌரி

கே.ஆர்.கௌரி 2021 மே 11 அன்று தன் 101ஆம் வயதில் இறந்தார். அந்த வாரம் தமிழிலும் மலையாளத்திலும் வந்த அஞ்சலிக் குறிப்புகளை வெட்டிச் சேர்த்து வைத்தேன். நாகர்கோவில்காரி என்பதால் மலையாளம் வாசிக்க வரும். சேர்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் படித்தபோது ஒரு சலிப்பு வந்தது. இரும்புப் பெண்மணி, வீராங்கனை, கேரளத்தின் முதல் பெண் அமைச்சர், முதல்வர் ஆகாமல் போனவர், கட்சிக்காகக் கணவனைப் பிரிந்தவர். ஒரே ஆள் எழுதி ஊர் ஊராக அனுப்பி வைத்தது போல இருந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் என்ற ஒரு வரி எல்லாவற்றிலும் உண்டு. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது நான் வாசித்தவற்றில் எதிலுமே இல்லை.

ஆண் தலைவர் இறந்தால் அவர் கொள்கையைப் பிரித்து மேய்வார்கள். ஈ.எம்.எஸ்ஸைப் பற்றி எழுதும்போது அவர் எங்கே சரி, எங்கே தவறு என்று பக்கம் பக்கமாக வாதாடுவார்கள். பெண் தலைவர் இறந்தால் அடைமொழியும் துயரமும் போதும் என்றாகிவிடுகிறது. கௌரியை விமர்சிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. விமர்சிக்க வேண்டுமானால் அவர் செய்ததைப் படிக்க வேண்டும் அல்லவா?

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1919இல் சேர்த்தலைக்குப் பக்கத்துப் பட்டணக்காட்டில் ஓர் ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். கயிறு திரிக்கும் தொழிலாளர்களின் பூமி அது. 1946இல் புன்னப்ரா-வயலார் எழுச்சி நடந்த பகுதி. சட்டம் படித்து வழக்கறிஞராகி, கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, சிறை சென்றார். 1952லும் 1954லும் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 நவம்பர் 1 வரை எங்கள் கன்னியாகுமரிப் பகுதியும் அதே மாநிலத்தில்தான் இருந்தது. எங்கள் ஊர் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த அதே மன்றத்தில் அவரும் இருந்தார். இருந்தும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது.

சிறையைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு வாசகம் பரவலாகப் புழங்குகிறது. போலீஸ் லத்திக்குக் கருத்தரிக்க வைக்கும் சக்தி இருந்திருந்தால் தனக்கு எத்தனையோ லத்திக் குழந்தைகள் பிறந்திருக்கும் என்பது அதன் சாரம். மேடைகளில் இதை அவருடைய துணிச்சலுக்குச் சான்றாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசகம் முதலில் ஒரு சாட்சியம். காவலில் இருக்கும் பெண்ணின் உடலுக்கு என்ன நடந்தது என்பதை நேராகச் சொல்லும் சாட்சியம். காவல்நிலைய வன்முறை பற்றி இந்தியப் பெண்கள் இயக்கம் உரக்கப் பேசத் தொடங்கியது மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு. கௌரி பேசுவது 1940களின் கடைசியில் நடந்த அரசு ஒடுக்குமுறையைப் பற்றி. குற்றம் செய்தவர்கள் யார், என்ன விசாரணை நடந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில் நாம் சொல்நயத்தைப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கம் காதல் கதை. அவரும் டி.வி.தாமஸும் 1957 அமைச்சரவையில் சக அமைச்சர்கள். அந்த ஆண்டே திருமணம் செய்துகொண்டார்கள். 1964இல் கட்சி பிளந்தபோது கௌரி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார், தாமஸ் பழைய கட்சியிலேயே இருந்தார். 1967இல் இருவரும் மறுபடியும் ஒரே அமைச்சரவையில், இரண்டு கட்சிகளின் ஆட்களாக. சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்! 1990இல் வேணு நாகவள்ளி இயக்கத்தில் 'லால் சலாம்' வந்தது. தாமஸின் சாயலில் ஒருவர், கௌரியின் சாயலில் ஒருத்தி, இவர்களுடைய தோழர் வர்கீஸ் வைத்தியனின் சாயலில் இன்னொருவர். மோகன்லால் நடித்தது அந்த மூன்றாவது ஆளாக. கதை எழுதிய செறியான் கல்பகவாடி வைத்தியனின் மகன். மகன் அப்பாவுக்குச் செய்த மரியாதை என்ற அளவில் படத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் நில உறவையே மாற்றிய சட்டத்தை மன்றத்தில் கொண்டுவந்த பெண், திரையில் இரண்டு ஆண்களின் நட்புக் கதைக்குள் ஓரமாக நிற்கிறாள். கேரளத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் படம் வழியாகத்தான் அறிந்திருப்பார்கள் போலிருக்கிறது. பாலச்சந்திரன் சுள்ளிக்காட்டின் 'கௌரி' கவிதையும் இதே வேலையை வேறு விதத்தில் செய்தது. நல்ல கவிதைதான். அது வந்த பிறகு கண்ணீர் விடாத பெண் என்ற பிம்பம் அவர்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. கண்ணீர் விட்டாரா இல்லையா என்று எந்த ஆண் அரசியல்வாதியைப் பற்றி நாம் கவலைப்பட்டோம்?

சரி, சட்டத்துக்கு வருகிறேன்.

1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். அமைச்சரவை பதவியேற்றது. 11 பேரில் கௌரி ஒருவர்தான் பெண். அவருக்குக் கிடைத்தது வருவாய்த் துறை. பெண்ணுக்கென்று வழக்கமாக ஒதுக்கும் சமூகநலம் அல்ல, நிலம். ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டம் வந்தது: குத்தகைக்காரர்களையும் குடியிருப்பவர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றக்கூடாது, நீதிமன்றத்தில் இருக்கும் வெளியேற்ற வழக்குகள் எல்லாம் நிறுத்திவைக்கப்பட வேண்டும். பார்க்கச் சின்ன விஷயம். யாருக்கும் ஒரு பிடி மண் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஆனால் வழக்கறிஞருக்குத்தான் இந்தத் தந்திரம் தெரியும். நிலச் சீர்திருத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் நிலவுடைமையாளர்கள் முதலில் செய்வது குத்தகைக்காரனைக் கிளப்புவது. ஆள் இல்லாவிட்டால் உரிமை கேட்க யார் இருப்பார்? முதலில் ஆட்களை இருக்கும் இடத்தில் இருக்க வைத்தார், பிறகு பெரிய மசோதாவை எழுத உட்கார்ந்தார்கள். பல மாநிலங்களில் நிலச் சட்டங்கள் ஓட்டைப் பானையாகப் போனதற்கு இந்த முதல் படியைத் தவறவிட்டது ஒரு காரணம்.

விவசாய உறவுகள் மசோதா 1959 ஜூனில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஜூலை 31 அன்று மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. இடையில் விமோசன சமரம், அதாவது 'விடுதலைப் போராட்டம்'. கல்வி மசோதாவை எதிர்த்த கத்தோலிக்கச் சபையும், நிலத்தை இழக்கப் பயந்த நாயர் சர்வீஸ் சொசைட்டியும், காங்கிரஸும் சேர்ந்து நடத்தியது. அதில் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தாலே பெண்ணியம் என்று எண்ணும் மாணவிகளிடம் நான் இந்தப் போராட்டத்தைத்தான் எடுத்துச் சொல்வது. அந்த ஊர்வலங்களில் முழங்கிய முழக்கம் ஒன்று கௌரியை 'சோத்தி' என்று சொன்னது. ஈழவப் பெண்ணை இழித்துச் சொல்லும் சொல் அது. அந்தச் சோத்தியைக் கல்யாணம் செய்த ரவுடித் தாமஸே, ஜாக்கிரதையாக இரு என்பது முழக்கத்தின் பொருள். இதைப் பிரித்துப் பாருங்கள். அமைச்சர் அவர், ஆனால் மிரட்டப்படுவது கணவன். அவரோ சாதிப் பெயராகவும் மனைவியாகவும் மட்டும் வருகிறார். அவருடைய துறை, அவருடைய மசோதா, எதுவும் முழக்கத்தில் இல்லை. ஆனால் முழக்கத்தின் கோபம் முழுக்க அந்த மசோதாவின் மேல்தான். அஞ்சலிக் குறிப்புகள் மரியாதையோடு செய்ததை இந்த முழக்கம் மரியாதையில்லாமல் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் அதன்பிறகு நீதிமன்றத்திலும் மாற்று ஆட்சிகளின் கையிலும் அடிபட்டு உருமாறியது. 1967இல் மறுபடியும் வருவாய் அமைச்சரான கௌரி கொண்டுவந்த திருத்தம் 1969இல் நிறைவேறி, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வந்தபோது அவர் ஆட்சியில் இல்லை, அச்சுத மேனன் முதல்வர். இதை வைத்து, சட்டம் யாருடையது என்று இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இன்றுவரை சண்டை போடுகின்றன. அதில் எனக்கு ஆர்வம் இல்லை.

எனக்கு ஆர்வம் அந்தச் சட்டத்தின் 'குடிகிடப்பு'ப் பகுதியில். நிலவுடைமையாளரின் மண்ணில் குடிசை போட்டு, அவர் சொன்ன வேலையைச் செய்து, அவர் போகச் சொன்னால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள் குடிகிடப்புக்காரர்கள். சட்டம் அவர்களுக்குக் குடிசையும் அதைச் சுற்றிய நிலமும் விலைக்கு வாங்கும் உரிமையைக் கொடுத்தது. ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரில் 3. பத்து சென்டில் என்ன விளையும் என்று கேட்பவர்கள், சொந்தமில்லாத குடிசையில் ஒரு பெண் எப்படி இருந்திருப்பாள் என்று யோசித்ததில்லை. கூலி குறைவு என்று வாய் திறந்தால் வீடு போகும். மகளை மேல்வீட்டு ஆள் கூப்பிட்டனுப்பினால் மறுக்க முடியாது, மறுத்தாலும் வீடு போகும். கதவு சொந்தமாக இருந்தால்தான் சாத்த முடியும். 1970இன் தொடக்கத்தில் ஆலப்புழைப் பக்கம் குடிகிடப்புக்காரர்கள் சட்டம் காகிதத்தில் நகரக் காத்திராமல் தாங்களே பத்து சென்டை அளந்து வேலி கட்டினார்கள். பெண்களும் ஓலை முடைந்தார்கள், கழி நட்டார்கள்.

இங்கேதான் எனக்குக் கௌரியோடு பேச்சு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பயனாளிக்குப் பெயர் 'குடிகிடப்புகாரன்'. மலையாளத்தில் 'காரன்' ஆண்பால், 'காரி' பெண்பால். சட்ட மொழியில் ஆண்பால் எல்லோரையும் குறிக்கும் என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். தெரியும். ஆனால் கிராம அலுவலகத்தில் பட்டா எழுதும் குமாஸ்தா அந்தச் சொல்லைப் படித்துவிட்டு யாரைக் கூப்பிட்டிருப்பார்? 'வீட்டில் ஆம்பிளை இருக்காரா?' என்றுதான். காலம் முழுதும் அந்தக் குடிசையில் அடுப்பெரித்தவளின் பெயர் பட்டாவில் வர, அவள் விதவையாகவோ தனித்தவளாகவோ இருக்க வேண்டியிருந்தது. கணவன் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு ஒரு நிலவுடைமையாளர் போய் இன்னொருவர் வந்தார், இம்முறை வீட்டுக்குள்ளேயே.

விசித்திரம் என்னவென்றால் அதே சட்டத்தின் உச்சவரம்புப் பகுதியில் இப்படி இல்லை. குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத சிறு வயதுப் பிள்ளைகள். வயதுக்கு வந்து திருமணம் ஆகாதவர் ஆணோ பெண்ணோ தனி ஆளாகக் கணக்கு. மகன் என்றால் ஒரு கணக்கு, மகள் என்றால் ஒரு கணக்கு என்ற பேதம் அங்கே எழுதப்படவில்லை. நிலம் இருப்பவர் வீட்டு மகள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறாள். நிலம் இல்லாதவர் வீட்டு மனைவி தெரியவில்லை. இது கௌரியின் தனிப்பட்ட குறை என்று சொல்ல மாட்டேன். வர்க்கத்தைக் குடும்பமாக எண்ணிய, குடும்பத்தை ஆணாக எண்ணிய ஒரு முழு இயக்கத்தின் குறை. ஆனால் அந்த இயக்கத்துக்குள் வருவாய்த் துறைக் கோப்பு இருந்தது ஒரு பெண்ணின் மேசையில். ஆகவே கேட்கத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை தோட்டங்கள். தேயிலை, ரப்பர், காபித் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு. உற்பத்தி குலையும், அந்நியச் செலாவணி போய்விடும் என்ற வாதங்கள் சொல்லப்பட்டன. குத்தகை உரிமை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஈழவர், நாயர், கிறித்தவர், மாப்பிள்ளை முஸ்லிம்கள். வயலில் இறங்கி வேலை செய்த புலையர், பறையர் குத்தகைக்காரர்கள் அல்ல, கூலிகள். அவர்களுக்குக் கிடைத்தது அந்தப் பத்து சென்டும் பிறகு லட்சம் வீடு காலனிகளும். தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. மூணாறில் லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் நாலைந்து தலைமுறையாக இருப்பவர்கள் நம்முடைய திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து மக்கள், பெரும்பாலும் தலித்துகள். வேலையில் ஆள் இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் பிள்ளைகளில் ஒருவர் தோட்ட வேலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1957இன் அவசரச் சட்டம் எதைத் தடுத்ததோ அதுவே இங்கே இன்றும் நடைமுறை.

2015 செப்டம்பரில் மூணாறில் இந்தப் பெண்கள்தான் தெருவுக்கு வந்தார்கள். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்துத் தொடங்கியது. 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்கு என்றார்கள். ஆண் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்ட விடவில்லை, இடதுசாரிச் சங்கத் தலைவர்களையும் சேர்த்துத்தான். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் மலையாளிகளுக்கே புதிதாக இருந்தது, அது எஸ்டேட் தமிழ் அல்லவா. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். செத்தவர்களுக்குச் சொந்தமாக வேறு இடத்தில் பத்து சென்ட் இருந்திருந்தால் என்ற கணக்கைப் போடாமல் என்னால் அந்தச் செய்தியைக் கடக்க முடியவில்லை.

1987க்கு வருவோம், எல்லோரும் அதிகம் பேசுவது அதைத்தான். தென்னை செழித்த கேரளத்தைக் கௌரி ஆளப்போகிறார் என்று ஊரெல்லாம் முழக்கம் போட்டுத் தேர்தலைச் சந்தித்தார்கள், ஜெயித்ததும் ஈ.கே.நாயனார் முதல்வரானார். கௌரிக்குத் தொழில் துறை. பெண் என்பதாலா, ஈழவர் என்பதாலா, யாருக்கும் வளைந்துகொடுக்காத வாய் என்பதாலா என்று முப்பது வருடமாக விவாதம். மூன்றும்தான், இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறான கேள்வி. எனக்குச் சுவாரசியமாகப் படுவது கட்சி சொல்லும் பதில்: நாங்கள் யாரையும் முதல்வர் வேட்பாளராக அறிவிக்கவில்லை, தனிநபரைவிட அமைப்பு பெரிது. கேட்க நல்ல கொள்கை. கௌரி இறந்து ஒன்பது நாள் கழித்து, 2021 மே 20 அன்று, இரண்டாம் பினராயி விஜயன் அமைச்சரவை பதவியேற்றது. மட்டன்னூரில் 60,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த கே.கே.சைலஜா அதில் இல்லை. பழைய அமைச்சர்கள் யாரும் வேண்டாம், புதியவர்களுக்கு வாய்ப்பு, தனிநபரைவிட அமைப்பு பெரிது என்றார்கள். முதல்வர் மட்டும் பழையவர். 1957 முதல் 2021 தேர்தல் வரை கேரளச் சட்டமன்றத்துக்குத் தேர்வான பெண்கள் ஒருமுறைகூட 10 சதவீதத்தை எட்டியதில்லை. எழுத்தறிவும் ஆயுளும் மகப்பேறும் பற்றிய பட்டியல்களில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் அது.

1994இல் கட்சி அவரை வெளியேற்றியது. 74 வயதில் புதுக் கட்சி தொடங்கினார், ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி. காங்கிரஸ் தலைமையிலான அணிக்குப் போனார். அரூர் தொகுதி அவரைக் கைவிடவில்லை, 1996லும் 2001லும் ஜெயித்தார். இந்தப் பிற்கால வாழ்க்கையை எழுதுபவர்கள் இதை ஒரு முதியவளின் வீம்பாகக் காட்டி இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். அவருடைய அரசியலின் மிகத் தெளிவான கணமும், என்னால் செரிக்க முடியாத கணமும் இங்கேதான் இருக்கின்றன.

ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தைத் திருப்பிக் கொடுக்க 1975இல் கேரளத்தில் ஒரு சட்டம் வந்தது. அடுத்தடுத்த அரசுகள் அதை நடைமுறைப்படுத்தவில்லை. நீதிமன்றம் நெருக்கியதும் 1996இல் நாயனார் அரசு சட்டத்தையே நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் கொண்டுவந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் கைகோத்து ஆதரித்தன. குடியேறிய விவசாயிகளின் வாக்கு யாருக்குத்தான் வேண்டாம்? 140 பேர் கொண்ட மன்றத்தில் எதிர்த்தவர் கௌரி ஒருவர்தான். 77 வயது. 1957இல் வெளியேற்றத்தைத் தடுத்த அதே தர்க்கம்: நிலத்தில் உழைப்பவன் பக்கம் நிற்பது என்றால், அந்த உழைப்பாளி தனக்கும் கீழே இருப்பவரின் நிலத்தில் நிற்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் அன்று கொடுத்த பதில் அது. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

2001இல் சி.கே.ஜானுவின் தலைமையில் ஆதிவாசிகள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் குடில் கட்டி 48 நாள் உட்கார்ந்தார்கள். ஏ.கே.அந்தோணி அரசு நிலம் தருவதாக உடன்பாடு செய்தது. வாக்கு நிறைவேறவில்லை. அவர்கள் வயநாட்டில் முத்தங்கா காட்டுக்குள் போய்க் குடில் போட்டார்கள். 2003 பிப்ரவரி 19 அன்று போலீஸ் உள்ளே புகுந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஓர் ஆதிவாசியும் ஒரு காவலரும் இறந்தார்கள். கைதான ஜானு போலீஸிடம் அடி வாங்கி வீங்கிய முகத்தோடு நிற்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. அந்த அமைச்சரவையில் விவசாய அமைச்சர் கே.ஆர்.கௌரி. 2006 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

லத்தியைப் பற்றி அவர் சொன்னதையும் ஜானுவின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் வைக்காமல் எழுதினால் நானும் இன்னொரு அஞ்சலிக் குறிப்பைத்தான் எழுதியிருப்பேன். கூட்டணியில் ஒரு சிறு கட்சியின் ஒற்றை அமைச்சருக்கு எவ்வளவு குரல் இருந்திருக்கும் என்று வாதிடலாம். 1996இலும் அவர் தனி ஆள்தான். அன்று தனியாக நின்று பேசியவர்.

தன் வரலாற்றை எழுதி அதற்கு 'ஆத்மகதா' என்று மட்டும் பெயர் வைத்தார். அடைமொழி இல்லை, கனவு, நெருப்பு, பயணம் என்று எதுவும் இல்லை. 2011இல் கேரள சாகித்திய அகாதெமி விருது பெற்றது. என் மாணவிகளில் இரண்டு பேர் அதை வாசிப்பதற்காகவே மலையாள எழுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன்: தாமஸைப் பற்றிய பக்கங்களைக் கடைசியில் படியுங்கள். முதலில் 1957 ஏப்ரலுக்குப் போங்கள், அவசரச் சட்டத்துக்கு. பிறகு சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் 1996 விவாதத்தைத் தேடுங்கள்.